மேடைக்கு எந்த ஆம்ப்?

பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்துடன் முதல் கிட்டார் ஆம்ப் வாங்கச் செல்லும் இளையர்கள் பலர் முதலில் பார்ப்பது வாட்ஸ் எண்ணைத்தான். 100 வாட்ஸ் ஆம்ப், 50 வாட்ஸைவிட இருமடங்கு சத்தம் தரும் என எண்ணுகிறோம். இயற்பியல் கணக்கு வேறு. ஆற்றல் இருமடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இருமடங்காகக் கேட்க, ஏறத்தாழ 10 மடங்கு ஆற்றல் வேண்டும்.

ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்தால் அது காம்போ. டிரம்ஸுடன் சேர்ந்து சிறிய மேடையில் வாசிக்க, 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட 50 வாட்ஸ் டிரான்சிஸ்டர் காம்போ பெரும்பாலும் போதும். பெரிய அரங்கில் ஆம்பின் முன் மைக் வைத்துச் சமாளிக்கலாம். திரைப்பாடலுக்குத் தெளிவான ஒலி, ராக் பாடலுக்குக் கரகரப்பான ஒலி, இரண்டும் ஒரே பெட்டியில் கிடைக்கிறதா என்பதே முக்கியம்.

எடையையும் கேளுங்கள். 1975ல் அறிமுகமான ரோலண்ட் ஜேசி-120 தெளிவான ஒலிக்குப் பெயர்போனது. ஆனால், எடை ஏறத்தாழ 28 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏற முடியுமா? பாஸ் நிறுவனத்தின் கட்டானா-50 சுமார் 12 கிலோதான். ஆற்றலை அரை வாட் வரை குறைக்கலாம் என்பதால், வீட்டில் பழகும்போது அண்டைவீட்டாருக்கும் தொல்லை இல்லை.

கடைக்கு உங்கள் சொந்தக் கிட்டாரையே கொண்டுசெல்லுங்கள். சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, தெளிவான ஒலி எங்கே உடைகிறது என்று கவனியுங்கள். பிறகு ஆம்பைத் தூக்கிக்கொண்டு கடையை ஒரு சுற்று வாருங்கள். கை வலிக்காவிட்டால் பணத்தை எடுங்கள்.