கூரையில் சோலார் இருந்தும் வீட்டில் கறண்ட் இல்லையா?

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. கூரையில் சூரியத் தகடு போட்ட பல வீடுகளிலும் அப்போது வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் மின்விசிறி நின்றது. தகட்டில் பழுதில்லை. பற்றரி இல்லாமல் மின்சார சபை இணைப்போடு சேர்ந்தோடும் முறை அது. கம்பியில் கறண்ட் நின்றால் இன்வேட்டரும் தானாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்துபவரின் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, வன்னியின் அக்கராயனில் சோலார் போட நினைப்பவர் எத்தனை கிலோவாட் என்று பார்க்குமுன் எதற்காகப் போடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

மின் கட்டணத்தைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் இணைப்போடு சேர்ந்த முறையே மலிவு. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 அலகு தரும். 2016 செப்டெம்பரில் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் இதற்கு வழிகளை விரித்தது: மிஞ்சும் அலகை அடுத்த மாதக் கணக்கில் கழிக்கலாம், மிச்சத்தை மட்டும் விற்கலாம், அல்லது முழுவதையும் விற்கலாம். தொடக்கத்தில் அலகுக்கு முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாவும், பின்னர் 15.50 ரூபாவும் என்றிருந்த விலை பலமுறை மாறிவிட்டது. ஒப்பந்தம் எழுதும் நாளின் விலையே முக்கியம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, பகலில் கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இணைப்பே இல்லாத முறை வன்னிக்குப் புதிதல்ல. யுத்த காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட மண் இது. இன்று கம்பி எட்டாத வயல் குடிசைக்கு ஒரு தகடும் பற்றரியும் போதும்.

தோட்டக் கிணற்றுக்கோ பற்றரிகூட வேண்டாம். சோலார் பம்ப் காலையில் மெல்ல இறைக்கும், உச்சி வெயிலில் வாய்க்கால் நிரம்ப ஓடும், முகில் மறைத்தால் தளரும். உயரத்தில் ஒரு தொட்டி கட்டித் தண்ணீரைச் சேர்த்துவிட்டால், மிளகாய்க்கும் கத்தரிக்கும் பின்னேரமும் பாய்ச்சலாம். மண்ணெண்ணெய் விலையில் திணறும் தோட்டக்காரருக்கு இதுவே முதலில் போட வேண்டிய சோலார்.

மின்வெட்டிலும் வீட்டில் வெளிச்சம் வேண்டுமென்றால் இணைப்பும் பற்றரியும் சேர்ந்த கலப்பு முறைதான். விலை கூட. எழுவைதீவில் சூரியன், காற்று, பற்றரி, டீசல் நான்கையும் சேர்த்து ஒரு தீவுக்கே மின்சாரம் கொடுக்கிறார்கள். வீட்டுக் கணக்கு சின்னது: 10 வாட் பல்ப் நான்கு, 60 வாட் மின்விசிறி இரண்டு, ஐந்து மணிநேரத்துக்கு 800 வாட்மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்மணி பற்றரியில் இருப்பது 1,200. ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். அதனால் 600தான் கிடைக்கும், இரவு முடியுமுன் தீர்ந்துவிடும். லித்தியம் பற்றரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம், சமாளிக்கும்.

எந்த முறையானாலும் தகடு தெற்குப் பார்த்துச் சற்றே சாய்ந்திருக்கட்டும். தென்னோலையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையலாம். சோழகக் காற்றில் படியும் புழுதியைக் காலையில், கண்ணாடி சுடுமுன் கழுவ வேண்டும். இணைப்பில்லாத முறைக்குத் தகடும் பற்றரியும் எவ்வளவு என்பதை வைகாசி வெயிலை வைத்தல்ல, கார்த்திகை, மார்கழி மழைமுகிலை வைத்தே கணக்கிட வேண்டும்.