குழாயைக் குழாய் என்று எப்படிச் சொல்வது?

"2600 வருஷத்துக்கு முன்னாடியே தமிழன் நானோ டெக்னாலஜி வச்சிருந்தான்." இந்த ஃபார்வர்டு உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கலாம். இது முழுப் பொய்யும் இல்லை. 2020 நவம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. கீழடியில் கிடைத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டுப் பானை ஓடுகளின் உட்பக்கக் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக அது சொன்னது. வேலூர் விஐடி ஆய்வாளர்கள் முன்னின்று செய்த வேலை.

இதற்கு இரண்டு விதமான எதிர்வினைகளைப் பார்த்தேன். ஒரு பக்கம் "பார்த்தியா!" என்ற புல்லரிப்பு. இன்னொரு பக்கம் "இதெல்லாம் கதை" என்ற கிண்டல். இரண்டு பேருமே அந்தக் கட்டுரையில் இருந்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தைப் பற்றி ஒரு வரி பேசவில்லை. எனக்கு அந்தப் படம்தான் முக்கியமாகப் பட்டது. கறுப்பு வெள்ளையில் சில மெல்லிய கோடுகள். அதைப் பார்த்து "இது குழாய்", "இது கார்பன்" என்று எப்படிச் சொல்கிறார்கள்? நான் மென்பொருள் ஆள், பொருளறிவியல் படித்தவன் இல்லை. ஓய்வு நேரத்தில் வாசித்துச் சேர்த்த குறிப்புகளை இங்கே வரிசைப்படுத்தி வைக்கிறேன்.

ஏன் எலக்ட்ரான்?

சாதாரண நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் பயன்படுத்துகிறோம். அதன் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 200 நானோமீட்டருக்குக் கீழே இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட அதனால் முடியாது. நானோகுழாயின் சுவரில் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே உள்ள தூரம் 0.34 நானோமீட்டர். மாட்டு வண்டிச் சக்கரத்தை வைத்துக்கொண்டு மணலின் சொரசொரப்பைத் தடவிப் பார்ப்பது மாதிரி.

எலக்ட்ரானுக்கும் அலைத்தன்மை உண்டு என்று 1924இல் டி பிராய் சொன்னார். 1931இல் எர்ன்ஸ்ட் ரஸ்காவும் மாக்ஸ் நோலும் காந்தச் சுருள்களை லென்ஸாக வைத்து முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியைச் செய்தார்கள். ரஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைக்க 1986 வரை ஆனது. 200 கிலோவோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளம் 0.0025 நானோமீட்டர். பச்சை ஒளியைவிட இரண்டு லட்சம் மடங்கு சிறியது.

அப்படியென்றால் அணுவுக்குள்ளேயே பார்த்துவிடலாமே? அதுதான் முடியாது. காந்த லென்ஸ் மோசமான லென்ஸ். அதன் ஓரத்தில் வரும் கதிரும் நடுவில் வரும் கதிரும் ஒரே இடத்தில் குவிவதில்லை. வட்டச் சமச்சீர் கொண்ட காந்த லென்ஸில் இந்தக் குறையைத் தவிர்க்கவே முடியாது என்று 1936இல் ஷெர்ட்சர் நிறுவினார். இதைத் திருத்தும் கருவியை ஹைடர், ரோஸ், அர்பன் மூவரும் 1998இல் செய்துகாட்டினார்கள். 200 கிலோவோல்ட் நுண்ணோக்கி ஒன்றின் பிரிதிறன் 0.24 நானோமீட்டரிலிருந்து 0.14க்கு இறங்கியது.

படம் காட்டுவது நிழலையா, பொருளையா?

முக்கியமான விஷயம் இதுதான். இது மேலிருந்து எடுத்த புகைப்படம் இல்லை. எலக்ட்ரான் கற்றை பொருளை ஊடுருவி மறுபக்கம் வருகிறது. அதனால் பொருள் சில பத்து நானோமீட்டர் தடிமனுக்குள் இருக்க வேண்டும். வெளியே வரும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு உருவாக்கும் கோலமே படம். ஃபோகஸைக் கொஞ்சம் மாற்றினால் கறுப்புப் புள்ளி வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். 'கறுப்புப் புள்ளிதான் அணு' என்று அடித்துச் சொல்ல முடியாது. கணினியில் மாதிரிப் படம் செய்து ஒப்பிட்டுத்தான் உறுதி செய்கிறார்கள்.

சரி, ஒரு குழாயைப் பக்கவாட்டில் ஊடுருவிப் பார்த்தால் எப்படித் தெரியும்? நடுப்பகுதியில் அடுக்குகள் கற்றைக்குக் குறுக்கே படுத்திருக்கின்றன. அங்கே கோடு தெரியாது. இரண்டு ஓரங்களிலும் அடுக்குகள் கற்றைக்கு இணையாக நிற்கின்றன. அங்கே மட்டும் கோடுகள் தெரியும். ஆக, இரண்டு பக்கமும் கோடுகள், நடுவில் வெற்று வெளி. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய் என்றால் இடப்பக்கம் ஐந்து கோடு இருந்தால் வலப்பக்கமும் ஐந்து இருக்க வேண்டும்.

1991இல் சுமியோ இயிஜிமா 'நேச்சர்' இதழில் எழுதியது இப்படித்தான். கார்பன் வில்சுடரில் கிடைத்த ஊசிகளில் 2 முதல் சுமார் 50 சுவர் வரை எண்ணினார். அவர் திடீரென்று முளைத்தவர் இல்லை. 1970களில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆக்சைடுகளையும், பீட்டர் பியூசெக்குடன் சேர்ந்து சிலிகேட் கனிமங்களையும் இதே முறையில் படம் பிடித்தவர். கல்லைப் பார்த்துப் பழகிய கண்தான் கார்பன் குழாயை அடையாளம் கண்டது.

இன்னொரு சோதனையும் உண்டு. மாதிரியைச் சில பாகை சாய்த்துப் பாருங்கள். தட்டையான தகடு விளிம்பில் நின்று கோடு காட்டியிருந்தால், சாய்த்ததும் கோடு மறைந்துவிடும். குழாயை அதன் அச்சில் எப்படிச் சுழற்றினாலும் ஏதோ ஒரு சுவர்ப் பகுதி கற்றைக்கு இணையாகவே இருக்கும். கோடு போகாது. தகடா குழாயா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

நம் கூரையில் இருக்கும் நானோகுழாய்

நானோகுழாய் என்றாலே ஆய்வகத்தில் செய்தது என்று நினைப்போம். இயற்கை இதை எப்போதோ செய்துவிட்டது. கிரைசோடைல் என்ற கனிமம். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் சிமென்ட்டோடு கலப்பது இதைத்தான்.

அதன் ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று சிலிக்கா தாள், மற்றொன்று மெக்னீசியம் தாள். மெக்னீசியம் தாள் சற்றே பெரியது. பெரிய தாளும் சிறிய தாளும் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? வெயிலில் காயும் வாழைச்சருகு சுருள்வது போல, பெரியது வெளிப்பக்கம் இருக்கும்படி சுருளும். ஒப்பில்லாத தாள்கள் இப்படி வளைய வேண்டும் என்று லைனஸ் பாலிங் 1930இலேயே கணித்தார். 1950இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி அதைக் குழாயாகக் காட்டியது. 1967இலும் 1971இலும் ஜப்பானின் கெய்ஜி யாதா அந்த இழையின் குறுக்குவெட்டில் அடுக்குகளையே படம் பிடித்தார். அடுக்கு இடைவெளி 0.73 நானோமீட்டர். சில இழைகள் பாய் சுருட்டியது போல இருந்தன, சில வளையத்துக்குள் வளையமாக இருந்தன. வெளி விட்டம் சுமார் 25 நானோமீட்டர், உள்ளே 7 நானோமீட்டர் ஓட்டை.

இதைப் படம் பிடிப்பது லேசான வேலை இல்லை. கிரைசோடைலின் கட்டமைப்பில் ஹைட்ராக்சில் உண்டு. கற்றை பட்டதும் அது சிதைந்து, கோடுகள் கண்ணெதிரிலேயே அழிந்துவிடும். கார்பனுக்கும் இதே பிரச்சினை வேறு வடிவில் இருக்கிறது. சுமார் 86 கிலோவோல்ட்டுக்கு மேல் போனால் எலக்ட்ரான் மோதி கார்பன் அணுவையே தட்டிவிடும். அதனால்தான் பல ஆய்வகங்கள் நானோகுழாயை 80 கிலோவோல்ட்டில் பார்க்கின்றன.

அளந்து பார்ப்போம்

என் போன்றவர்களுக்குப் பிடித்த இடம் இது. படத்தில் 5 நானோமீட்டர் அளவுகோல் 250 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சல் 0.02 நானோமீட்டர். பத்து இடைவெளி சேர்ந்து 170 பிக்சல் வந்தால் ஒரு இடைவெளி 17 பிக்சல், அதாவது 0.34 நானோமீட்டர். கோடுகளைக் கையால் எண்ணுவதற்குப் பதில் பைத்தானில் நாலு வரி எழுதி ஃபூரியர் உருமாற்றம் எடுத்தால், சீரான கோடுகள் இரண்டு பளிச்சென்ற புள்ளிகளாக நிற்கும். மையத்திலிருந்து புள்ளிக்கு உள்ள தூரம் இடைவெளியைச் சொல்லிவிடும். இணையத்தில் திறந்த உரிமத்தில் கிடைக்கும் படங்களை வைத்து நீங்களும் செய்யலாம்.

"0.34 வந்துருச்சு, அப்ப கார்பன்தான்!" அவசரப்படாதீங்க. கிராஃபைட்டின் அடுக்கு இடைவெளி 0.335 நானோமீட்டர். குவார்ட்ஸில் மிக வலுவாகத் தெரியும் தளங்களின் இடைவெளி 0.334. குவார்ட்ஸ் எங்கே இருக்கும்? மணலில். களிமண்ணில். பானையில்! எந்தப் பானை ஓட்டைச் சுரண்டினாலும் குவார்ட்ஸ் வரும். இடைவெளியை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது.

அடுத்த சிக்கல். நுண்ணோக்கியில் மாதிரியைத் தூவும் சின்னச் செம்பு வலையின் மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கும். அது பெரும்பாலும் கார்பன். "தனிமச் சோதனையில் கார்பன் தெரிந்தது" என்றால் அது பானையின் கார்பனா, படலத்தின் கார்பனா? படலத்தின் ஓட்டைக்கு மேல் தொங்கும் பகுதியைத் தேடிப்பிடித்து அளந்தால்தான் நம்பலாம்.

அப்போது எதை நம்புவது? ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வகங்களிடம் நல்ல பாடம் இருக்கிறது. காற்று வடிகட்டியில் சிக்கிய ஒரு இழையை ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுதும் முன் மூன்றைப் பார்க்கிறார்கள்: வடிவம், எலக்ட்ரான் விளிம்பு விலகல், தனிமங்களின் விகிதம். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒரு கட்டடத்தில் இருப்பவர்களின் நுரையீரல் அந்த முடிவில் தொங்குவதால் இந்தக் கறார்.

கீழடிக்கு வருவோம்

அதே மூன்றைக் கேட்டுப் பார்க்கலாம். குவார்ட்ஸ் படிகத்தின் கோடுகள் நேராக ஓடும், வளைந்து குழாயாகாது. வளைந்த சுவர், நடுவில் வெற்றிடம், இரு பக்கமும் சமமான கோடு என்றால் குவார்ட்ஸ் கழிந்துவிடும். ராமன் நிறமாலை கார்பன் பிணைப்பைத் தனியாகக் காட்டும். கீழடிக் கட்டுரை நுண்ணோக்கிப் படத்தோடு ராமனையும் சேர்த்து வைத்தது. அந்த அளவில் அது முறையான வாதம். வாசிப்பவர்கள் ஒவ்வொரு படத்திலும் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் நுண்ணோக்கி சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அளவு. 1970 வாக்கில் உலகின் எல்லா ஊடுருவல் எலக்ட்ரான் நுண்ணோக்கிகளும் சேர்ந்து அதுவரை பார்த்த மொத்தப் பொருள் 0.3 கன மில்லிமீட்டர்தான் என்ற மதிப்பீட்டை வில்லியம்ஸ், கார்ட்டர் எழுதிய பாடநூல் எடுத்துச் சொல்கிறது. ஒரு படத்தில் ஒரு குழாய் இருப்பது, பூச்சு முழுக்கக் குழாய் இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

இரண்டு, நோக்கம். டெக்சாஸின் எல் பாசோவில் லாரன்ஸ் மர் குழுவினர் 2004இல் சமையல் எரிவாயுச் சுடரின் புகையிலேயே பல சுவர் நானோகுழாய்களைப் படம் பிடித்தார்கள். சுமார் 10,000 ஆண்டு பழைய கிரீன்லாந்துப் பனியிலும் பார்த்தார்கள். அடுப்பு பற்றவைக்கும் யாரும் நானோ விஞ்ஞானி ஆகிவிடுவதில்லை. 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பீட்டர் பாவ்ஃப்லர் குழு 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளில் நானோகுழாய் கண்டதாக 'நேச்சரில்' எழுதியபோதும் இதே கேள்விதான். அந்த வாள்களுக்கு மூலமான ஊட்ஸ் எஃகு தென்னிந்தியாவில் உருக்கியது. கொல்லருக்குத் தெரிந்தது எந்த மண், எந்த விறகு, எவ்வளவு நேரம் என்ற கைப்பக்குவம். குழாய் அதன் துணை விளைவு.

இதில் பெருமைக்கு என்ன குறைச்சல்? பானையை உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் சுட, சூளையில் காற்றைத் தேவையான இடத்தில் தடுக்கத் தெரிய வேண்டும். அது உண்மையான தொழில்நுட்பம். அதைச் செய்த குயவருக்கு "நானோ" என்ற பட்டம் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. 2008இல் 'நேச்சர் நானோடெக்னாலஜி' இதழில் வந்த ஆய்வில், நீளமான கார்பன் நானோகுழாய்களை எலிகளின் வயிற்றுக்குழியில் செலுத்தியபோது ஆஸ்பெஸ்டாஸ் உண்டாக்குவது போன்ற அழற்சி வந்தது. உடலின் துப்புரவுச் செல்களுக்கு வேதியியலைவிட வடிவம் பெரிய தொல்லை. நீளமாக, மெல்லியதாக, விறைப்பாக இருப்பதை அவற்றால் முழுங்க முடிவதில்லை. கிரைசோடைல் உட்பட எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முடிவு. ஆகவே பழைய பானையின் குழாயைப் பற்றி சண்டை போட்டு முடித்த பிறகு, மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதைக் காய்ந்த நிலையில் அறுக்கவோ துளை போடவோ உடைக்கவோ விடாதீங்க. அந்தத் தூசிக்குள் இருக்கும் குழாய்களைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை.