துப்பாக்கிக்கு எதற்கு அலங்காரம்?

'ஜுராசிக் பார்க்' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். பூங்காவின் வேட்டைக் காவலர் முல்டூன் அடர்ந்த புதர்களுக்கு நடுவே ஓசையில்லாமல் முன்னேறுகிறார். சற்றுத் தள்ளி ஒரு ராப்டர் டைனோசர் தெரிகிறது. கையிலிருக்கும் கறுப்புத் துப்பாக்கியின் மடக்கிய இரும்புக் கட்டையை மெல்ல விரித்துத் தோளில் பொருத்துகிறார். குறி வைக்கிறார். அவர் விசையை அழுத்தும் முன்பே பக்கத்துப் புதரிலிருந்து இன்னொரு ராப்டர் பாய்ந்துவிடுகிறது.

அந்தத் துப்பாக்கியின் பெயர் ஸ்பாஸ்-12. இத்தாலியின் பிரெஷா நகரத்து ஃபிராங்கி நிறுவனம் செய்தது. 1993-இல் இந்தப் படம் வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 'தி டெர்மினேட்டர்' படத்தில் அர்னால்டு அதை ஒற்றைக் கையில் பிடித்தபடி காவல் நிலையத்துக்குள் நடந்திருந்தார். உலகம் முழுக்க 'மிரட்டலான ஷாட்கன்' என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ததில் இந்த ஒரு துப்பாக்கிக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் 'டாக்டிகல்' என்ற அடைமொழியோடு ஒரு வரிசையே இருக்கிறது. எல்லாம் கறுப்பு. குழலுக்கு மேல் ஓட்டை போட்ட தகடு, குழல் முனையில் பற்கள், தோள்கட்டைக்குப் பதிலாகக் கைத்துப்பாக்கிப் பிடி, பக்கவாட்டில் தோட்டா வரிசை, மேலே கீழே எதையும் மாட்டிக்கொள்ளத் தண்டவாளம் போன்ற பட்டைகள். திரையில் பார்த்ததை வீட்டுப் பாதுகாப்புக்கென்று வாங்கிப் போகிறார்கள். இவற்றில் எது உண்மையில் உதவும், எது வெறும் தோற்றம்?

ஒவ்வோர் உறுப்பும் எந்த வேலைக்காகப் பிறந்தது என்று தேடிப் போனால் விடை கிடைத்துவிடுகிறது.

முதலில் ஷாட்கன் என்றால் என்ன? நம் ஊர் வங்கி வாசலில் காவலர் வைத்திருக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியும் ஷாட்கன்தான். '12 போர்' என்கிறோமே, அதன் கணக்கு பழையது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். ரைஃபிள் தோட்டாவிலிருந்து ஒரே ஒரு குண்டு புறப்படும். ஷாட்கன் தோட்டாவுக்குள் பல ஈயக் குண்டுகள் இருக்கும். மான் வேட்டைக்காரர்களும் அமெரிக்கப் போலீசாரும் பயன்படுத்தும் '00 பக்' தோட்டா ஒன்றில் வழக்கமாக ஒன்பது குண்டுகள்; ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்.

இங்கேதான் முதல் தவறான நம்பிக்கை வேர் விடுகிறது. ஷாட்கன் என்றால் குறி பார்க்கவே வேண்டாம், சுட்டால் அறை முழுக்கக் குண்டுகள் பரவும் என்று பலரும் நினைக்கிறார்கள். சாதாரணக் குழலிலிருந்து புறப்படும் குண்டுகள் ஒரு கஜத் தூரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் விரியும் என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. ஒரு வீட்டுக் கூடத்தின் குறுக்களவு ஐந்து, ஆறு கஜம். அந்தத் தூரத்தில் ஒன்பது குண்டுகளும் ஐந்து, ஆறு அங்குல அகலத்துக்குள் போய்ச் சேரும். குறி தவறினால் எல்லாமே தவறும். தவறிய குண்டுகள் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குள் போகும். எந்த அலங்காரத்தை எடைபோட்டாலும் இந்த உண்மையை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஓட்டை போட்ட தகட்டிலிருந்து தொடங்கலாம். அதன் பிறப்பிடம் முதல் உலகப் போரின் பதுங்குகுழி. 1917-இல் போருக்குள் நுழைந்த அமெரிக்கா, ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 ஷாட்கன்னைக் குழிச் சண்டைக்கு ஏற்றபடி மாற்றியது. குழலைக் குறுக்கி, முனையில் நீண்ட துப்பாக்கிக் கத்தியைப் பொருத்தும் வசதி செய்தார்கள். கத்தியால் குத்தும்போது சிப்பாய் குழலைத்தான் பிடித்தாக வேண்டும். அடுத்தடுத்துச் சுட்ட குழலோ கொதிக்கும். கை வெந்துபோகாமல் இருக்கத்தான் அந்தத் தகடு. காற்று போய்வர ஓட்டைகள். தகட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு காரணம் இருந்தது.

அந்தத் துப்பாக்கி எதிரியை எவ்வளவு கலங்கடித்தது என்பதற்கு 1918 செப்டம்பரில் நடந்ததே சான்று. தேவையற்ற வேதனை தரும் ஆயுதம் இது, போர் விதிகளை வகுத்த ஹேக் உடன்படிக்கைக்கு எதிரானது என்று ஜெர்மனி முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தது. இந்தத் துப்பாக்கியுடன் பிடிபடுபவர்களின் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றும் எச்சரித்தது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் அந்த வாதத்தை ஏற்க மறுத்தார்.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே தகடு, படுக்கையறை அலமாரியில் வைக்கும் துப்பாக்கிக்குத் திருகாணி போட்டு மாட்டப்படுகிறது. கத்தி இல்லை, குழியும் இல்லை. வீட்டில் ஒருவர் எப்போதாவது சுட நேர்ந்தாலும் இரண்டு, மூன்று தோட்டாக்களுக்கு மேல் போகாது. குழல் கொதிக்க நேரமே இருக்காது. மெல்லிய தகடு நாளடைவில் தளர்ந்து ஆடத் தொடங்குவதுதான் மிச்சம்.

குழல் முனையிலுள்ள பற்களும் இப்படித்தான். பூட்டிய கதவை உடைத்து உள்ளே நுழையும் போலீஸ், ராணுவக் குழுக்களுக்கென்று தனித் தோட்டா உண்டு. உலோகத் தூளை இறுக்கிச் செய்த அது, கீலையோ பூட்டையோ தகர்த்துவிட்டுத் தானும் பொடியாகிவிடும். கதவுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு ஆபத்து குறைய வேண்டும் என்பதற்காக அப்படி. குழலைக் கதவின் மேல் அழுத்தி வைத்துச் சுடும்போது முனை நழுவக் கூடாது, வெடிவாயு வெளியேற வழியும் வேண்டும். அதற்குத்தான் பற்களும் பிளவுகளும். தன் வீட்டுக் கதவுக்குச் சாவி வைத்திருப்பவருக்கு அந்தப் பற்களால் ஒரு வேலையும் இல்லை.

தோள்கட்டை இல்லாத துப்பாக்கியின் கதை வேறு. அது ஆபத்தானது என்பதால் அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 12 போர் தோட்டாவின் உதைப்பு கடுமையானது. தோளில் ஊன்றிச் சுடும்போது அந்த உதைப்பை உடம்பு முழுக்க வாங்கிக்கொள்கிறது. கண்ணும் குழலும் ஒரே கோட்டில் நிற்கின்றன. கட்டையை எடுத்துவிட்டால் மொத்த உதைப்பும் மணிக்கட்டுக்கு வருகிறது. இடுப்பு உயரத்தில் பிடித்துச் சுட்டால் குறி வெறும் ஊகமாகிவிடுகிறது. மேலே சொன்ன ஐந்தாறு அங்குலக் கணக்கை இங்கே நினைத்துப் பார்த்தால் விளைவு புரியும். கதவு உடைப்பவருக்கு நீளம் குறைவாக இருப்பது வசதி, அவர் குறி பார்ப்பது குழல் முனையைத் தொட்டிருக்கும் பூட்டை. இருட்டில் பதறி எழுந்து வரும் வீட்டுக்காரரின் நிலைமை அப்படியா?

சில வடிவங்களைச் சட்டமே செதுக்கியிருக்கிறது. அமெரிக்காவில் 1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ஷாட்கன்களுக்குப் பதிவையும் 200 டாலர் வரியையும் விதித்தது. அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. ஆனால் சட்டத்தின் பார்வையில் ஷாட்கன் என்பது தோளில் வைத்துச் சுடச் செய்யப்பட்டது. ஆலையிலிருந்து வரும்போதே தோள்கட்டை இல்லாமல், மொத்த நீளம் 26 அங்குலத்தைத் தாண்டியிருந்தால் அது வேறு வகைக்குள் போய்விடும். 2017-இல் மோஸ்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த 'ஷாக்வேவ்' இந்த இடைவெளிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. குழல் 14 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல், பறவை அலகு போல் வளைந்த பிடி. அதன் உருவத்துக்குக் காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

அதே நிறுவனம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் 'செயின்சா' என்றொரு துப்பாக்கியையும் விற்றது. மரம் அறுக்கும் இயந்திரத்தின் கைப்பிடியை அப்படியே துப்பாக்கிக்கு மேல் பொருத்தியிருந்தார்கள். ஜாம்பிக் கதைகள் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. எந்தப் போர்க்களத்திலும் எந்தக் காவல் பணியிலும் தேவைப்படாத ஓர் உறுப்பு, கடை அலமாரிக்காகவே பிறந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

தோட்டா எண்ணிக்கைக்கான போட்டியும் ஏமாற்றத்தில் முடிந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த 'ஸ்டிரைக்கர்' துப்பாக்கியில் பன்னிரண்டு தோட்டாக்கள் கொள்ளும் பெரிய உருளை இருந்தது. பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் அந்த உருளையைச் சுழற்றும் வில்லுக்குச் சாவி கொடுக்க வேண்டும். தோட்டாக்களை ஒவ்வொன்றாகவே போட வேண்டும். பன்னிரண்டும் தீர்ந்த பிறகு அதை மறுபடி நிரப்புவது பெரும் பாடு. இதை ஒட்டி அமெரிக்காவில் உருவான வகைக்கு 'ஸ்ட்ரீட் ஸ்வீப்பர்' என்று பெயர் சூட்டி விற்றார்கள். 1994-இல் அமெரிக்க அரசு இவற்றைக் கையெறி குண்டுகளோடு சேர்த்து 'அழிவுக் கருவி' என்ற வகையில் வைத்துக் கட்டுப்படுத்தியது.

அப்படியென்றால் கறுப்பாக, மிரட்டலாக இருப்பதெல்லாம் வீணா? அப்படியும் சொல்ல முடியாது. 1998-இல் அமெரிக்க ராணுவம் அரைத் தானியங்கி ஷாட்கன் வேண்டுமென்று தேவைப் பட்டியல் வெளியிட்டது. இத்தாலியின் பெனெல்லி நிறுவனம் அதற்கென்றே எம்4 துப்பாக்கியை உருவாக்கியது. 1999-இல் கடற்படைக் காலாட்படையான மெரைன்களின் கைக்குப் போய், எம்1014 என்று பெயர் பெற்றது. சுருக்கி நீட்டும் கட்டை, பின்புறம் வளையமாக அமைந்த குறிகாட்டி, மேலே கருவி பொருத்தும் பட்டை என்று டாக்டிகல் லட்சணங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. குண்டு துளைக்காத கவசம் அணிந்தவருக்குக் கட்டையைச் சுருக்க வேண்டியிருக்கும். மங்கிய ஒளியில் சின்ன மணி போன்ற பழைய குறிகாட்டியைவிட வளையத்துக்குள் கண் சீக்கிரம் நிலைகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் அதைக் கேட்ட ஒரு சிப்பாய் இருந்தார்.

ஸ்பாஸ்-12-க்கும்கூட நியாயம் சொல்லலாம். அது தானாகவும் இயங்கும், கையால் இழுத்தும் இயக்கலாம். கண்ணீர்ப்புகை போன்ற மென்மையான தோட்டாக்களுக்கு அரைத் தானியங்கி அமைப்பை இயக்கும் விசை போதாது என்பதால், கலவரத் தடுப்புப் போலீசுக்கு இந்த இரட்டை வழி தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை, தோட்டா போடாமலே நாலு கிலோவைத் தாண்டும் எடை. மடக்குக் கட்டையின் நுனியில் இருந்த கொக்கி, முன்கைக்கு அடியில் மாட்டி ஒற்றைக் கையால் சுடுவதற்கானது. அது சினிமாவில் புகழ் பெற்ற அளவுக்குப் பணியில் புகழ் பெறவில்லை. 2000-ஆம் ஆண்டோடு அந்தத் துப்பாக்கியின் உற்பத்தி நின்றுபோனது.

வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மெய்யாக உதவுபவை பார்வைக்குச் சாதாரணமானவை. முதலாவது, வெளிச்சம். வீட்டாரையே திருடன் என்று நினைத்துச் சுட்டுவிட்ட துயரங்கள் அமெரிக்கச் செய்திகளுக்குப் புதிதல்ல. எதிரே நிற்பது யார் என்று காட்டும் ஒரு விளக்கு, மற்ற எல்லா உறுப்புகளையும்விட மதிப்புள்ளது. அந்த விளக்கைத் துப்பாக்கியில் பொருத்தினால் வெளிச்சம் போகுமிடமெல்லாம் குழலும் போகும் என்பதால், தனியாக ஒரு கைவிளக்கும் வேண்டும். இரண்டாவது, கட்டையின் நீளம். வழக்கமான கட்டை விசையிலிருந்து பின்நுனி வரை சுமார் 14 அங்குலம். உயரம் குறைந்தவருக்கு அது அதிகம். ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் குறைந்த கட்டையை மாற்றினால் துப்பாக்கி தோளில் ஒழுங்காக உட்காரும். மாறாக, பக்கவாட்டில் மாட்டும் ஆறு தோட்டாக்கள் சுமார் 300 கிராம் எடை கூட்டும். தோட்டாவையும் துப்பாக்கியையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கலாமா என்ற கேள்வியையும் குழந்தைகள் உள்ள வீட்டில் எழுப்பும்.

தோட்டாவின் இயல்பை எந்த அலங்காரமும் மாற்றுவதில்லை. 1997 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சலஸின் வடக்கு ஹாலிவுட் பகுதியில், கவசம் அணிந்த இரண்டு வங்கிக் கொள்ளையர்கள் தெருவில் இறங்கிச் சுட்டபோது, போலீசாரின் கைத்துப்பாக்கிகளும் ஷாட்கன்களும் அந்தக் கவசத்தைத் துளைக்கவில்லை. அருகிலிருந்த துப்பாக்கிக் கடைக்குப் போய் ரைஃபிள்களைப் பெற்று வந்தார்கள். அதன்பின் அமெரிக்கக் காவல் வாகனங்களில் ஷாட்கன் இருந்த இடத்துக்கு ரைஃபிள் வரத் தொடங்கியது.

பயிற்சி என்ன செய்யும் என்பதற்கும் ஒரு நாள் சாட்சியாக நிற்கிறது. ரெமிங்டன் 870 என்பது 1950-இல் வந்த, கையால் இழுத்து இயக்கும் எளிய பம்ப் ஷாட்கன். 2009-இல் ஒரு கோடியாவது துப்பாக்கி ஆலையை விட்டு வெளிவந்தது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர் எட்மண்டோ மிரெலஸின் கையில் இருந்தது அதுதான். இரண்டு கொள்ளையர்களோடு நடந்த சண்டையில் அவருடைய இடது முன்கையை ரைஃபிள் குண்டு சிதைத்துவிட்டிருந்தது. இரண்டு சக முகவர்கள் உயிரிழந்தார்கள். பம்ப் துப்பாக்கிக்கு இரண்டு கை வேண்டும். மிரெலஸ் தரையில் கிடந்தபடி, கட்டையைக் கால்களுக்கிடையே இடுக்கி, வலது கையால் பம்பை இழுத்தார். காரின் பம்பரில் குழலைச் சாய்த்துச் சுட்டார். மறுபடி இடுக்கினார், இழுத்தார், சுட்டார். இப்படி ஐந்து முறை. தோட்டா தீர்ந்ததும் ரிவால்வரை உருவிக்கொண்டு, தள்ளாடி எழுந்து, கொள்ளையர்கள் இருந்த காரை நோக்கி நடந்தார்.