உங்கள் பிரவுசர் எவ்வளவு சோம்பேறி, தெரியுமா?

‘தமிழ்’ என்ற ஒரே ஒரு சொல்லை இணையத்தில் அனுப்ப எத்தனை பைட் செலவாகிறது, தெரியுமா? 15! கண்ணுக்குத் தெரிவது மூன்றெழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு. இன்று உலகமே பயன்படுத்தும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல் ஒன்று 5 பைட்டோடு வேலையை முடித்துக்கொண்டு போய்விடும்.

அப்படியானால் தமிழ்ப் பக்கம் மூன்று மடங்கு மெதுவாகத்தானே வர வேண்டும்? வருவதில்லை! அந்த மூன்று பைட்டில் முதலாவது எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றேதான். இரண்டாவதில் மொத்தமே இரண்டு வகை. மூன்றாவதுதான் உண்மையில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. திரும்பத் திரும்ப வருவதைக் கண்டால் சுருக்கு மென்பொருளுக்குக் கொண்டாட்டம். சுருட்டி அனுப்பிவிடும், பிரவுசர் இந்தப் பக்கத்தில் விரித்துக்கொள்ளும். 2015இல் கூகள் வெளியிட்ட புரோட்லி என்ற சுருக்கு முறையில் ஏறத்தாழ 13,000 சொற்களும் சொல் துண்டுகளும் அடங்கிய ஓர் அகராதியே உள்ளே இருக்கிறது, தெரியுமா? ஆங்கிலம், ஸ்பானியம், சீனம், இந்தி, ரஷ்யன், அரபு என்று ஆறு மொழிகள். தமிழ் இல்லை! (அந்தக் கோபத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

நம்ம ஊரில் பக்கம் திறக்கத் தாமதமானால் உடனே “லைன் ஸ்லோ லா” என்று அலுத்துக்கொள்கிறோம். பாதி நேரம் லைன் மேல் பழியே இல்லை. நல்ல பிரவுசர் ஓடி ஓடி உழைக்கும் ஆள் அல்ல. எந்த வேலையைச் செய்யாமல் தப்பிக்கலாம் என்று எப்போதும் யோசித்துக்கொண்டிருக்கும் மகா சோம்பேறி. அதன் சோம்பலைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான்.

எழுத்துருவையே பாருங்கள். 1990களின் கடைசியில் தமிழ்த் தளம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. வாசகர் அதை இறக்கிப் பதிய வேண்டும், இல்லையென்றால் பக்கம் முழுக்கக் கிறுக்கல். சில தளங்கள் பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்தே அனுப்பின. டயல்-அப் மோடம் கீச்சிட்டுக்கொண்டிருந்த காலத்தில் அது எவ்வளவு சுமை! யுனிகோடு வந்தது, எழுத்துரு கணினிக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது, அந்தச் சுமை தீர்ந்தது.

அப்படி உட்கார்ந்த எழுத்துருவை யார் செய்தார், தெரியுமா? மேக் கணினியின் எழுத்துருப் பட்டியலில் ‘தமிழ் எம்என்’, ‘தமிழ் சங்கம் எம்என்’ என்று இருக்கும். அந்த எம்என் வேறு யாருமல்ல, முத்து நெடுமாறன். மலேசியர்! கிள்ளான் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியவர். மலையாளம், கன்னடம், சிங்களம் என்று அதே பட்டியலில் கீழே போங்கள், அங்கும் அதே இரண்டு எழுத்து. கொழும்பில் ஒருவர் சிங்களம் படிக்க நம் நாட்டுக்காரரின் கைவண்ணம்!

இந்தச் சங்கதிக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சாதனத்திலேயே இருக்கும் எழுத்துருவைப் பயன்படுத்தினால் இறக்க வேண்டியது சுழியம் பைட். ‘அழகாக இருக்கட்டும்’ என்று தளக்காரர் வெளியிலிருந்து ஓர் எழுத்துருவை இழுத்தால், அது வரட்டும் என்று பிரவுசர் சற்று நேரம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். ஒரு தளத்துக்காக இறக்கியதை அடுத்த தளத்துக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று முன்பு ஒரு வசதி இருந்தது. அதுவும் போயிற்று! 2020 அக்டோபரில் வந்த குரோம் 86 தொடங்கி, ஒரு தளத்தின் சேமிப்பை இன்னொரு தளம் தொட முடியாது. நீங்கள் எங்கெல்லாம் போய் வந்தீர்கள் என்று பிற தளங்கள் துப்புத் துலக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நல்லதுதான், ஆனால் அதே எழுத்துரு பத்துத் தளத்துக்குப் பத்து முறை இறங்கும்.

சரி, லைனுக்கே வருவோம். நம் அதிவேக இணையச் சேவையான யுனிஃபை முதன்முதலில் 2010 மார்ச்சில் எங்கே வந்தது, நினைவிருக்கிறதா? பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலாம். மாதம் 149 ரிங்கிட்டுக்கு நொடிக்கு 5 மெகாபிட். அப்போது அதுவே அதிசயம்! இன்று அதைப்போல் நூறு மடங்கு வேகம் வீட்டில் இருந்தும் சில பக்கங்கள் தயங்குகின்றனவே, ஏன்? குழாயை அகலமாக்கலாம், தூரத்தைக் குறைக்க முடியுமா? கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். கோலாலம்பூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சுமார் 13,600 கிலோமீட்டர். நூல் பிடித்தாற்போல் நேராகக் கேபிள் போட்டாலும் ஒரு முறை போய்வர 136 மில்லிநொடி. பழைய முறையில், பாதுகாப்பான தளத்தின் முதல் பைட் கைக்கு வருமுன் நான்கு முறை போய்வர வேண்டும். அரை நொடி அங்கேயே காலி! 2022இல் தரமாக்கப்பட்ட ஹெச்டிடிபி/3 என்ற புதிய இணைப்பு முறை இதை இரண்டு முறையாகக் குறைத்துவிட்டது.

அதைவிடப் பெரிய தந்திரம், அவ்வளவு தூரம் போகாமலே இருப்பது. மலேசியாவுக்குள் சுற்ற வேண்டிய தரவு வெளிநாடு போய்த் திரும்பாமல் இருக்கத்தான் 2006இல் மைஐஎக்ஸ் என்ற இணையப் பரிமாற்றகம் தொடங்கப்பட்டது. பெரிய தளங்கள் தங்கள் படங்களின் நகலை இங்கேயே, நமக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகின்றன.

ஹெச்டிடிபி/3 பற்றி இன்னொன்று. கேஎல் சென்ட்ரலில் வைஃபையில் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். கிள்ளான் போகும் கொமுட்டர் வந்துவிட்டது, ஏறிவிட்டீர்கள், வைஃபை அறுந்து கைப்பேசி டேட்டா வந்துவிட்டது. பழைய முறையில் கைப்பேசியின் இணைய முகவரி மாறினால் இணைப்பு செத்தது, எல்லாம் முதலிலிருந்து. புதிய முறையில் இணைப்புக்கென்றே ஓர் அடையாள எண் உண்டு. பிரவுசரும் தளமும் ஒத்துழைத்தால் ரயில் நகர்ந்தபடியே மிச்சமும் இறங்கும்!

குரோம் ஏன் இவ்வளவு நினைவகம் தின்கிறது, தெரியுமா? 2008 செப்டம்பரில் அது வந்தபோதே அப்படித்தான் திட்டமிட்டார்கள். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை முன்னின்று நடத்திய அந்தப் பிரவுசரில் ஒவ்வொரு டேப்பும் தனித் தனிக் குடித்தனம். ஒன்று படுத்தாலும் மற்றவை பிழைக்கும். ஆனால் செலவு கூடும். 2022 டிசம்பரில்தான் நினைவகச் சேமிப்பு வசதி வந்தது. அமைப்புகளில் ‘செயல்திறன்’ பகுதிக்குப் போய் அதை இயக்கிவிட்டால், நீண்ட நேரம் தொடாத டேப்பை பிரவுசர் தூங்க வைத்துவிடும். தொட்டால் மீண்டும் எழும். இதை இயக்காமல் புது லேப்டாப் வாங்க லோ யாட் பிளாசாவுக்குக் கிளம்புகிறவர்களை என்ன சொல்ல!

இனி, இதே சோம்பலின் இன்னொரு முகத்தைப் பார்க்கக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குப் போவோம். துன் சம்பந்தன் சாலையில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைப் பார்க்காமல் அந்த வட்டாரத்தைக் கடக்கவே முடியாது. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்றவர் இணையம் ‘படிக்கும்போது’ பிரவுசருக்குள் இரண்டாவதாக ஒரு பக்கமே உருவாகிறது, தெரியுமா? நிறம், அலங்காரம் எதுவும் இல்லாமல் உரை, தலைப்பு, இணைப்பு, பொத்தான் போன்றவற்றை மரம்போல் கிளை கிளையாக அடுக்கிய ஓர் அமைப்பு. திரைவாசிப்பான் அதைத்தான் உரக்கச் சொல்கிறது. அந்த மரத்தைக் கட்டுவது செலவு என்பதால், திரைவாசிப்பான் இருப்பது தெரிந்தால்தான் குரோம் அந்த வேலையில் இறங்கும். இங்கேயும் சோம்பல்! பணம் கொடுக்காமலே கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான். விளம்பரப் பெட்டிகள் குவிந்த பக்கம் நமக்கு மெதுவாக வருவதோடு சரி. பார்வையற்றவர்களுக்கோ அந்தக் குப்பை முழுவதையும் காதால் கடக்க வேண்டிய தண்டனை.

கடைசியாக ஒரு விசை. விண்டோஸ் கணினியில் குரோம் திறந்திருக்கும்போது ஷிப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். எந்த டேப், எந்த நீட்சி (எக்ஸ்டென்ஷன்) எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று முழு வரவுசெலவும் முன்னே வந்து நிற்கும்! நினைவகத் தலைப்பைச் சொடுக்கினால் பெருந்தீனிக்காரர் மேலே வருவார். பல நேரம் அது நீங்கள் திறந்த பக்கமாகக்கூட இராது. என்றோ கூப்பன் தேடித் தருகிறேன் என்று வந்து ஒட்டிக்கொண்ட நீட்சியாக இருக்கும். அங்கேயே நிறுத்தலாம், பிறகு நீட்சிகள் பக்கத்துக்குப் போய் அடியோடு நீக்கலாம்.