எந்த மீட்டரை முதலில் போடுவது?

கொப்போலியைத் தாண்டினால் போர்காட் ஏற்றம் தொடங்கும். மும்பையில் வண்டி ஓட்டும் நம் ஆட்களுக்கு இந்த ஏற்றம் நன்றாகத் தெரியும். கண்டாலா போய்ச் சேர்வதற்குள் வண்டி சுமார் 500 மீட்டர் உயரம் ஏற வேண்டும்.

தாராவியில் இருந்து கொஞ்சம் பழைய டர்போ டீசல் வண்டி ஒன்று புனேக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 7 பேர். மேலே கேரியரில் மூட்டைகள். பாதி ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. பின்னால் கறுப்புப் புகை. டிரைவர் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துகிறார். முன்னால் சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. "விளக்கு எரியலையே, ஒண்ணும் இருக்காது" என்று நினைக்கிறார். லோனாவாலா போய்ச் சேரும்போது டர்போ போய்விட்டது. கடன் வாங்கி வாங்கிய வண்டி. இனி டர்போவுக்கும் கடன் வாங்க வேண்டும்.

விளக்கு ஏன் எரியவில்லை? எந்த மீட்டர் இருந்திருந்தால் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்?

முதலில் டர்போவைப் பார்ப்போம்.

அடுப்பு நன்றாக எரிய ஊதுகுழலால் ஊதுகிறோம். என்ஜினுக்கும் அப்படித்தான். அதிகக் காற்று போனால் அதிக எரிபொருளை எரிக்கலாம். அதிக இழுவை கிடைக்கும். டர்போ என்பது என்ஜினுக்குக் காற்று ஊதும் கருவி. வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையை வேலை வாங்கும் இந்த யோசனைக்கு ஆல்பிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்றார்.

சூப்பர்சார்ஜர் என்று ஒன்றும் உண்டு. வேலை அதேதான். ஆனால் அதைப் புகை சுற்றுவதில்லை. என்ஜினில் இருந்து வரும் பெல்ட் சுற்றுகிறது. நம் ஊர் வண்டிகளில் அது மிகக் குறைவு.

மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடிய பிரீமியர் பத்மினியில் டர்போ இல்லை. குர்லாவில் செய்த வண்டி அது. 2023 அக்டோபரில் அந்த டாக்சி சாலையில் இருந்து விடைபெற்றது. குவாலிஸ் டீசலிலும் டர்போ இல்லை. அதற்குப் பதிலாக 2005-இல் வந்த இன்னோவா டீசலில் டர்போ இருந்தது. இப்போது சின்ன பெட்ரோல் கார்களிலும் டர்போ வருகிறது.

வீட்டு மின்விசிறி நிமிடத்துக்குச் சுமார் 350 முறை சுற்றும். டர்போ ஒரு லட்சம் முறைக்கு மேல் சுற்றும். ஒரு பக்கம் கொதிக்கும் புகை. நடுவில் அச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். அந்த எண்ணெய் சில நொடிகள் வராவிட்டாலும் அச்சு தேயத் தொடங்கும்.

இப்போது கடைக்குப் போவோம். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் ஒரு டிரைவர் கேட்கிறார்:

"அண்ணாச்சி, ஒரு மீட்டருக்குத்தான் கையில காசு இருக்கு. எதைப் போட?"

"ஆயில் பிரஷரைப் போடு தம்பி."

"அதுக்குத்தான் விளக்கு இருக்கே?"

"விளக்கு எரியும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்லே!"

அண்ணாச்சி சொல்வது சரி. பல வண்டிகளில் எண்ணெய் அழுத்தம் சுமார் 5 முதல் 7 பவுண்டுக்கு இறங்கிய பிறகே அந்த விளக்கு எரியும். ஓடும் வண்டியில் 40, 50 பவுண்டு இருக்க வேண்டிய இடம் அது. 50 இருந்தது 30 ஆனால் விளக்குக்குத் தெரியாது. முள்ளுக்குத் தெரியும். டயருக்குக் காற்றுப் பிடிக்கும்போது "32 போடு" என்கிறோம் அல்லவா? அதே பவுண்டுக் கணக்குதான் இதுவும்.

அழுத்தத்தை முள் எப்படிக் காட்டுகிறது? திருவிழாவில் பிள்ளைகள் ஊதும் காகிதப் பீப்பியைப் பார்த்திருப்பீர்கள். ஊதினால் சுருள் பிரிந்து நீளும். பழைய வகை மீட்டருக்குள் வளைந்த உலோகக் குழாய் ஒன்று இருக்கிறது. அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். பிரான்சில் பூர்டோன் என்பவர் 1849-இல் செய்த ஏற்பாடு இது. இன்னும் பயன்படுகிறது.

ஆனால் இந்த வகையில் சூடான எண்ணெய் சின்னக் குழாய் வழியாக டிரைவர் முன்னால் வரை வர வேண்டும். குழாய் உடைந்தால் காலில் கொட்டும். அதனால் மின்சார வகையே நல்லது. அதில் என்ஜினில் ஒரு சென்சார் இருக்கும். உள்ளே வருவது கம்பி மட்டும். ஒற்றைக் கம்பி சென்சாருக்கு மரையில் வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிடக் கூடாது. அதற்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் கிடைக்கிறது. டேப் அதைத் தடுத்தால் முள் பொய் சொல்லும்.

கையில் இன்னும் காசு இருந்தால், டீசல் வண்டிக்கு இரண்டாவதாகப் புகைச் சூட்டு மீட்டர். தண்ணீர்ச் சூட்டு மீட்டர் வேறு, இது வேறு. தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும். அதோடு, பல கார்களில் தண்ணீர் முள் நடுவிலேயே நிற்கும்படி கம்பெனி செய்திருக்கிறது. சூடு நிஜமாகவே எல்லை மீறிய பிறகுதான் அது நகரும். புகையின் சூடோ சில நொடிகளில் மாறும். பல டீசல் என்ஜின்களில் ஏற்றத்தில் அது 700 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஆக்சிலேட்டரில் இருந்து காலைத் தளர்த்த வேண்டும். கியரையும் குறைக்க வேண்டும்.

இந்த மீட்டருக்கு இன்னொரு பயனும் உண்டு. ஏற்றம் முடிந்து டீக்கடையில் நிறுத்தியதும் நாம் உடனே சாவியைத் திருப்பிவிடுகிறோம். எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். சூடான டர்போவுக்குள் தங்கிய எண்ணெய் கருகி அடையாகப் படியும். ஒன்று, இரண்டு நிமிடம் என்ஜினைச் சும்மா ஓடவிட வேண்டும். சூடு 200 டிகிரிப் பக்கம் இறங்கியதை முள் காட்டியதும் நிறுத்தலாம்.

இதன் சென்சாரை டர்போவுக்கு முன்னால் பொருத்துவதே சரியான அளவு தரும். அதற்குப் புகைக் குழாயில் துளை போட வேண்டும். இரும்புத் தூள் ஒன்று உள்ளே விழுந்தாலும் டர்போ சக்கரத்தில் அடிக்கும். குழாயைக் கழற்றித் துளை போடும் மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். "கழற்ற வேண்டாம், அஞ்சு நிமிஷ வேலை" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, பூஸ்ட் மீட்டர். டர்போ எவ்வளவு காற்று தள்ளுகிறது என்று இது காட்டும். போர்காட்டில் நின்ற அந்த வண்டிக்கு வருவோம். டர்போவில் இருந்து போகும் ரப்பர் ஓஸின் கிளிப் தளர்ந்திருந்தது. காற்று வெளியே போய்விட்டது. டீசல் மட்டும் பழையபடி போனது. காற்று இல்லாமல் டீசல் எரிந்தால் கறுப்புப் புகை வரும், சூடு ஏறும். குறைந்த காற்றை ஈடுகட்ட டர்போ அளவு மீறிச் சுற்றும். வழக்கமாக அந்த ஏற்றத்தில் 16 பவுண்டு காட்டும் முள் அன்று 6 காட்டியிருக்கும். அவர் ஓரமாக நிறுத்தி, கிளிப்பை ஒரு திருப்புளியால் இறுக்கியிருப்பார்.

புதிய வண்டி வைத்திருப்பவர்கள் பூஸ்ட் மீட்டர் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சிறு கருவி பல வண்டிகளில் பூஸ்ட்டையும் தண்ணீர்ச் சூட்டையும் செல்போனில் காட்டும். செலவு குறைவு. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் அழுத்தத்தை அது காட்டாது. அண்ணாச்சி ஆயில் மீட்டரை முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்ரோல் டர்போவுக்குக் கணக்கு வேறு. பெட்ரோல் 1 பங்கு எரிய, எடைக் கணக்கில் காற்று சுமார் 14.7 பங்கு வேண்டும். முழு வேகத்தில் பெட்ரோல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போனால்தான் உள்ளே சூடு அடங்கும். பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனே உருகலாம். இந்தக் கலவையைக் காட்டவும் மீட்டர் உண்டு. கம்பெனியில் இருந்து வந்தபடியே ஓடும் காருக்கு அது தேவையில்லை. என்ஜினில் மாற்றம் செய்து சக்தியைக் கூட்டியவர்களுக்குத்தான் அது கட்டாயம். அப்படி மாற்றுவதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது என்பது தனிக் கதை.

சிலர் ஆறு மீட்டரை வரிசையாக வைத்து, காரை விமானம் போல ஆக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். சாலையைப் பார்ப்பதா, ஆறு முள்ளைப் பார்ப்பதா? மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் எண்ணம்.

வாங்கும்போது எண்களைப் படித்துப் பாருங்கள். உங்கள் வண்டியின் பூஸ்ட் 20-ஐத் தாண்டாது என்றால் 0 முதல் 30 வரை உள்ள முகப்பை வாங்குங்கள். 0 முதல் 100 வரை உள்ளதில் முள் ஒரு மூலையிலேயே ஆடும். கோயம்புத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிக்கால் ஆலை 1970களில் இருந்து வண்டி மீட்டர்கள் செய்து வருகிறது. கடையில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்தாலும் பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மீட்டர் போட்ட முதல் வாரம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதலில் எடுக்கும்போது ஆயில் எவ்வளவு? சூடான பிறகு சிக்னலில் நிற்கும்போது எவ்வளவு? செம்பூர் தாண்டிப் பன்வேல் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் எவ்வளவு? போர்காட் ஏற்றத்தில் பூஸ்ட் எவ்வளவு, சூடு எவ்வளவு? ஏற்றத்தில் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். தேதியையும் போட்டு வையுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் ஆயில் முள் 10 பவுண்டு குறைவாக நின்றால், அந்த நோட்டோடு மெக்கானிக்கிடம் போங்கள்.