எந்தப் படம் ஸார்?

ஆபீஸில் நான் மெட்டுப் போடுகிறவன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, ‘‘எந்தப் படம் ஸார்?’’

‘‘படமெல்லாம் இல்லை. கோயிலுக்கு... அதாவது, எங்க சர்ச்சுக்கு.’’

‘‘ஓ!’’ என்பார்கள். அந்த ‘ஓ’வில் ஸ்வரம் மேலிருந்து கீழே இறங்கும். சுத்தமான அவரோகணம். பக்கத்து சீட் கேஷியர் மட்டும் விடாப்பிடியாக, ‘‘சரி, ஒரு பாட்டுக்கு எவ்வளவு தருவாங்க?’’ என்று கேட்டார்.

‘‘திட்டு. சில சமயம் டீ.’’

உண்மையும் அதுதான். தஞ்சாவூரில் அரசாங்க உத்தியோகம். திங்கள் முதல் வெள்ளி வரை ஃபைல். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சபையின் பாடகர் குழுத் தலைவன். முப்பது வருஷத்துக்கு மேல் இதே பிழைப்பு. அதில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ரிடையர்ட் டீச்சரம்மா.

1994. எனக்கு இருபத்தேழு வயசு. அறுப்பின் பண்டிகைக்குப் புதுசாக ஒரு கீர்த்தனை வேண்டும் என்று ஐயர் கேட்டார். (ஐயர் என்றால் எங்கள் பாதிரியார். பழைய புராட்டஸ்டன்ட் சபைகளில் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆபீஸில் ‘எங்க ஐயர் பிரசங்கம் பண்ணினார்’ என்று சொல்லி நான் உண்டாக்கிய குழப்பங்கள் தனிக் கட்டுரைக்கு ஆகும்!)

அப்போது எனக்குச் சங்கீதப் பித்து. திருவையாறு ஆராதனைக்குப் போய் மணலில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து வருகிற ஜாதி. எனவே சாருகேசி ராகத்தை எடுத்தேன். தாளம் மிஸ்ர சாபு. சுருதி 4 கட்டை. அனுபல்லவியில் மேல் காந்தாரத்தைத் தொட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் குடியிருந்துவிட்டு இறங்கினேன். கடைசிச் சரணத்தில், அந்தக் காலத்துப் புலவர்கள் மாதிரி என் பெயரையே முத்திரையாக வைத்தேன். அடக்கம்!

பண்டிகையன்று பாடினேன். நெல்கதிர், பூசணிக்காய், வாழைத்தார், ஏலம் விடக் கட்டிப் போட்டிருந்த இரண்டு சேவல்... இத்தனைக்கும் நடுவில் என் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. முந்நூறு பேர் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். ‘ஆஹா, கட்டிப் போட்டுவிட்டோம்’ என்று நினைத்தேன். சேவலையும் சேர்த்து.

வெளியே வந்ததும் ஆளாளுக்குக் கைகுலுக்கினார்கள். கடைசியாக டீச்சரம்மா வந்தார். முதல் வரிசையில் உட்காருகிறவர். குரல் கரகரப்பு. தாளத்துக்கு எப்போதும் அரை அடி பின்னால் வருவார். ஆனால் ஒரு பாட்டைக்கூட விடமாட்டார்.

‘‘ரொம்ப நல்லாருந்துச்சுப்பா தம்பி.’’

‘‘தேங்க்ஸ் டீச்சர்.’’

‘‘எங்களை ஏன் பாட விடலை?’’

கோபமே இல்லாமல், பரீட்சைப் பேப்பரில் மார்க் போடுகிற மாதிரி கேட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. முதல் மூன்று நாள் கோபம். ‘அரை அடி பின்னால் வருகிறவருக்கு என்ன தெரியும்?’ நாலாவது நாள்தான் உறைத்தது. அன்றைக்கு முந்நூறு பேர் வாயை மூடிக்கொண்டு நின்றது ரசனையால் இல்லை. பாட முடியாமல்!

தஞ்சாவூரில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாமல் போனதுதான் வெட்கம். எங்கள் கீர்த்தனை வளர்ந்த ஊரே இதுதானே?

ஆரம்பத்தில் நம் சபைகளில் பாடியது ஜெர்மன் மெட்டு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் தங்கள் ஊர் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பெயர்த்து, அதே மெட்டில் பாட வைத்தார்கள். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. குறிலை நீட்டினால் அர்த்தம் ஆளை மாற்றிவிடும். கல் கால் ஆகும். பல் பால் ஆகும். மனம் மானம் ஆகும். மெட்டு எங்கே நீளுகிறதோ அங்கே நெடில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் விபரீதம்.

அனுபவித்துச் சொல்கிறேன். என் ஆரம்பகாலப் பாட்டு ஒன்றில் ‘வரம்’ என்ற சொல்லை நீளமான ஸ்வரத்தில் வைத்துவிட்டேன். ‘வரம் தாரும்’ என்று எழுதியது, பாடும்போது ‘வாரம் தாரும்’ ஆகிவிட்டது. ஒத்திகையைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், ‘‘என்ன தம்பி, ஆண்டவர்கிட்ட ஒரு வாரம் லீவு கேக்குறியா?’’ என்றார்.

இந்தச் சிக்கலெல்லாம் தீண்டாத தமிழ் மெட்டுகளில் பாடல்களைக் கொண்டுவந்து குவித்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே ஷ்வார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து வளர்த்தார். அதே ஷ்வார்ட்ஸின் பொறுப்பில் இருந்த இன்னொரு பையன், பிற்பாடு ராஜாவான இரண்டாம் சரபோஜி! குறவஞ்சி என்றால் ஊரே கூடிப் பார்த்து ரசித்த காலம் அது. சாஸ்திரியார் அந்த வடிவத்தையே எடுத்து, சிங்கன், சிங்கியோடு ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். ஜனங்களின் காதில் ஏற்கெனவே இருந்த மெட்டுக்குள் புதுச் செய்தியை வைத்துக் கொடுத்தார். 1864-ல் அவர் காலமானார். இன்னும் அவர் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறோம்.

கீர்த்தனையின் அமைப்பிலேயே அந்த மரியாதை இருக்கிறது. பல்லவி சபைக்கு. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், எல்லோரும் திருப்பிப் பாடுவார்கள். சரணத்தில் எழுத்துத் தெரியாதவர் தடுமாறினாலும் பல்லவிக்குத் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம். டவுன் பஸ் மாதிரி. ஒன்றை விட்டாலும் அடுத்தது வரும்.

இதே தஞ்சையில்தான் ஆபிரகாம் பண்டிதரும் இருந்தார். தொழில் சித்த வைத்தியம். 1912-ல் தொடங்கித் தன் முயற்சியில் சங்கீத மாநாடுகள் கூட்டி வித்வான்களை வரவழைத்தவர். 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற மாபெரும் புத்தகத்தை வெளியிட்டார். சுருதிக் கணக்கில் அவ்வளவு ஆழம் போனவர், பிள்ளைகள் பாடிப் பழகுவதற்குக் கீதங்களும் செய்து வைத்தார். எனக்கோ ஒரே ஒரு சாருகேசியில் தலை கனத்துவிட்டது!

உத்தியோகம் பார்த்துக்கொண்டே பாட்டுக் கட்டுவது கஷ்டம் என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில், 1723 முதல் 1750-ல் இறக்கும் வரை சம்பளத்துக்குக் கோயில் சங்கீதம் செய்தவர் பாஃக். அந்த வேலைக்கு நகர சபை முதலில் கூப்பிட்டது டெலிமான் என்பவரை. அவர் வரவில்லை. அடுத்து கிராப்னர். அவரை அவருடைய எஜமானர் விடவில்லை. அப்புறம்தான் பாஃக்! பிரமோஷன் லிஸ்ட்டில் மூன்றாவது பெயராக நிற்கிற நண்பர்களே, கவலை வேண்டாம். ஆரம்ப வருஷங்களில் அவர் ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறுக்கும் புதுசாக ஒன்று எழுதினார். பள்ளிக்கூடப் பையன்களை வைத்துப் பயிற்சி. மேலதிகாரிகளுடன் ஓயாத மனஸ்தாபம். இத்தனைக்கும் நடுவில் எழுதிய பல கைப்பிரதிகளின் முடிவில் மூன்று எழுத்து போட்டார். ‘கடவுளுக்கே மகிமை’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள். நான் என் பெயரை வைத்த இடத்தில், அவர் அதை வைத்திருக்கிறார்.

சரி, டீச்சரம்மாவிடம் வருவோம். அடுத்த வருஷம் வேறொரு பாட்டு செய்தேன். மோகனம், ஆதி தாளம். ஐந்தே ஸ்வரம். சுருதி 2 கட்டை. கீழே மந்த்ர தைவதம், மேலே தார ஷட்ஜம். அதற்கு அந்தப் பக்கம் ‘அனுமதியின்றி உள்ளே வராதே’ என்று மனசுக்குள் போர்டு மாட்டிவிட்டேன். எட்டு அட்சரத்துக்கு ஒரு இடத்தில் மூச்சு விட இடம். பல்லவி இரண்டாவது தடவை கேட்கும்போதே வாயில் வந்துவிட வேண்டும். முத்திரை கிடையாது. மெட்டுப் போட்டதும் என் அம்மாவிடம்தான் பாடிக் காட்டினேன். அம்மா சமையற்கட்டில் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே திருப்பிப் பாடினாள். பாஸ்!

ஆராதனை நடத்துவதில் இன்னும் சில ரகசியங்கள் பிடிபட்டன. பாவ அறிக்கை முடிந்த கையோடு கீபோர்டில் டிஸ்கோ ரிதம் போடக்கூடாது. மனுஷன் அப்போதுதான் மனசுக்குள் அழுதிருப்பான். காணிக்கைப் பாட்டு, பை கடைசி பெஞ்சுக்குப் போகும்வரை தீரக்கூடாது. நற்கருணை நேரத்துப் பாட்டு ரப்பர் மாதிரி இருக்க வேண்டும். வரிசை நீண்டால் நீளவும், குறைந்தால் நிறுத்தவும் வசதியாக. எல்லாவற்றையும்விட முக்கியம், முதல் வரியை எடுத்துக் கொடுத்துவிட்டு மைக்கிலிருந்து ஓரடி பின்னால் போய்விட வேண்டும். சபையின் குரல் என் குரலை முழுங்கிவிட்டால் அன்றைக்கு என் வேலை சுத்தமாக முடிந்தது என்று அர்த்தம்.

மோகனப் பாட்டு முதல் முறை பாடின அன்று, டீச்சரம்மா அரை அடி பின்னால் கரகரவென்று பாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் எனக்குக் கலைமாமணி.

2020 மார்ச்சில் கோயில்களைப் பூட்டினார்கள். குருத்தோலை ஞாயிறு, ஈஸ்டர் எல்லாம் வீட்டுக்குள். எங்கள் சபையில் ஜூமில் ஆராதனை என்று முடிவானது. முதல் வாரம் எல்லோரும் சேர்ந்து பாடினோம். ஒரு குரல் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர ஆகிற தாமதத்தில், சந்தைக்கடை இரைச்சல் தோற்றது. ஒரு வீட்டில் பல்லவி, ஒரு வீட்டில் சரணம், ஒரு வீட்டில் குக்கர் விசில். அடுத்த வாரம் சபைச் செயலாளர் எல்லோரையும் ‘மியூட்’ செய்துவிட்டு, ‘‘நீங்க மட்டும் பாடுங்க’’ என்றார்.

பாடினேன். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். வாய்கள் அசைகின்றன, சத்தம் இல்லை. என் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. 1994-ல் நான் எதற்கு ஆசைப்பட்டேனோ, அது அப்படியே கிடைத்துவிட்டது. இரண்டாவது சரணத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. ‘நெட்வொர்க் போச்சு’ என்று பொய் சொல்லி நிறுத்தினேன்.

மத்தியானம் டீச்சரம்மாவிடமிருந்து போன். எண்பதைத் தாண்டியிருந்தார். ஸ்மார்ட் போன் கிடையாது. ‘‘தம்பி, இன்னிக்கு என்ன பாட்டு? எனக்குக் கொஞ்சம் எடுத்துக் குடு.’’ மோகனத்தை எடுத்துக் கொடுத்தேன். அரை அடி பின்னால் அந்தக் கரகரப்பு வந்து சேர்ந்துகொண்டது. அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பாட்டு ஆராதனை. நான் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகப் பாடினேன். அப்படியும் அவர் அரை அடி பின்னால்தான் வந்தார்!

ஆகஸ்ட்டில் டீச்சரம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது அப்போதைய விதி. கல்லறைத் தோட்டத்தில் முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி நின்றோம். கீபோர்டு இல்லை, மைக் இல்லை. ஐயர் என்னைப் பார்த்தார். மோகனத்தை ஆரம்பித்தேன். ஒரு வரி. இரண்டாவது வரியில் குரல் நின்றுவிட்டது. அந்த அரை அடி பின்னால் வருகிற குரலுக்காகக் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

பாட்டு நிற்கவில்லை. முகக்கவசத்துக்குள்ளிருந்து பத்தொன்பது பேர் பாடினார்கள். யாரிடமும் புத்தகம் இல்லை. கடைசிச் சரணம்வரை ஒரு வார்த்தை பிசகவில்லை. நான் கடைசிவரை வாய் திறக்கவே இல்லை. எனக்கு அப்போது அந்தப் பாட்டு வேண்டியிருந்தது, அவர்கள் எனக்கு எடுத்துக் கொடுத்தார்கள்.

இப்போது எங்கள் சபையில் புதுக் கீபோர்டுக்கு ஒரு பையன் வந்திருக்கிறான். ஐ.டி. கம்பெனியில் வேலை. படு கெட்டிக்காரன். போன மாசம் ஒத்திகையில் மோகனத்தை வாசித்துவிட்டுக் கேட்டான்.

‘‘அங்கிள், இந்தப் பாட்டு யாரு போட்டது? சாஸ்திரியார் காலத்துப் பாட்டா?’’

ஒரு வினாடி யோசித்தேன். நெஞ்சுக்குள் சாருகேசி லேசாக எட்டிப் பார்த்தது.

‘‘ஆமாம்ப்பா. ரொம்பப் பழசு’’ என்றேன்.

கோயிலுக்குள் நின்றுகொண்டு சொன்ன பொய். ஆண்டவர் மன்னிப்பார். கேஷியர்தான் மன்னிக்க மாட்டார், ‘‘ராயல்டி போச்சே ஸார்!’’