விசைப்பலகை வடிவமைப்பும் தமிழ் எழுத்தறிவுக் கற்பித்தலும்

முன்னுரை

கற்றல் கற்பித்தலில் தொழில்நுட்பம் என்னும் பொருளில் நடைபெறும் கருத்தரங்குகளில் ஒளிப்படக் காட்சிகள், கணினி விளையாட்டுகள், இணையப் புதிர்கள் முதலியன விரிவாகப் பேசப்படுகின்றன. மாணவனின் விரல் அன்றாடம் தொடுகின்ற விசைப்பலகையைப் பற்றிய பேச்சு மிகக் குறைவே. அது வெறும் கருவி. அலுவலக எழுத்தர் பழகவேண்டிய திறன். தமிழாசிரியருக்கு அதில் பணியொன்றுமில்லை என்னும் எண்ணமே பரவலாக உள்ளது. இவ்வெண்ணத்தோடு நாம் உடன்படவில்லை. விசைகளை அடுக்கும் முறைக்குள் தமிழ் எழுத்துகளைப் பற்றிய ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது. மாணவன் எந்த முறையில் பழகுகிறானோ அந்த முறையின் கொள்கையையும் சேர்த்தே பழகுகிறான். மலேசிய, சிங்கப்பூர் வகுப்பறைகளில் பெரிதும் வழங்கும் தமிழ்99 முறையையும் உரோமன் எழுத்துவழி முறையையும் இந்நோக்கில் ஒப்பிட்டு, ஆக்கச் சிந்தனைக்கு இடந்தரும் ஒரு வகுப்பறைச் செயற்பாட்டையும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

கருவி நடுநிலையானதா?

1983ஆம் ஆண்டு ரிச்சர்டு கிளார்க் என்னும் அமெரிக்கக் கல்வியியலாளர், ஊடகம் கற்றலை மாற்றுவதில்லை, பாடத்தைச் சுமந்துவரும் ஊர்தியாகவே அது இருக்கிறது என்று வாதிட்டார். மளிகைப் பொருளை எந்த வண்டி ஏற்றி வந்தாலும் உணவின் சத்து மாறுவதில்லை என்பது அவர் தந்த உவமை. ராபர்ட் கோஸ்மா இதனை மறுத்தார். ஒவ்வோர் ஊடகத்துக்கும் தனித்த இயல்புகள் உண்டு. கற்பவனின் சிந்தனை அவ்வியல்புகளோடு ஊடாடும்போதே கற்றல் உருவாகிறது என்பது அவர் நிலைப்பாடு. படக்காட்சிகளைப் பொறுத்தவரை கிளார்க்கின் கூற்றில் உண்மை உண்டு. கரும்பலகையில் எழுதியதையே திரையில் காட்டினால் மாணவனுக்குப் புதிதாக எதுவும் கிட்டுவதில்லை. எழுதும் கருவியோ சுமந்துவரும் வண்டி மட்டுமன்று. எழுதும் செயலின் உள்ளேயே அது பங்கு கொள்கிறது.

மலேசியத் தமிழாசிரியர்க்கு இவ்வினா புதிதன்று. 1990களின் இறுதியில் தொடங்கிய விவேகப் பள்ளித் திட்டத்தில் மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்கே கற்றல் மென்பொருள்கள் உருவாக்கப்பட்டன. தமிழ்மொழிப் பாடத்துக்கு வேண்டியதை ஆசிரியர்களே தேடிக்கொள்ள நேர்ந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே வாரத்தில் மாணவரைத் தமிழில் தட்டச்சு செய்யச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. எம்முறை எளிதாகக் கிடைத்ததோ அம்முறையே வகுப்புக்குள் புகுந்தது. பலர் அன்று தொடங்கிய பழக்கத்தையே இன்றும் தொடர்கின்றனர்.

தட்டச்சுப்பொறி முதல் தமிழ்99 வரை

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் வரலாறு நம் மண்ணோடு பிணைந்தது. அதனை வடிவமைத்த ஆர். முத்தையா இலங்கையில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றியவர். அப்பொறி எழுத்தின் வரிவடிவத்தைப் பின்பற்றியது. 'கெ' என்று எழுத, ஒற்றைக் கொம்பை முதலில் அடித்து அதன் பின்னரே ககரத்தை அடிக்க வேண்டும். தாளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே விரலின் வரிசையும் ஆயிற்று. இயந்திரத்தின் எல்லைக்குள் அது ஓர் அரிய தீர்வு என்பதில் ஐயமில்லை.

1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 முறை இதினின்று வேறுபட்டது. இங்கே 'கெ' என்பது ககர விசையும் எகர விசையும். ஒலிக்கும் வரிசையே தட்டும் வரிசை. உயிர் 12, மெய்வரிசை 18, புள்ளி 1 ஆக 31 விசைகளில் 247 எழுத்துகளுள் ஆய்தம் நீங்கலான அனைத்தும் அடங்கிவிடுகின்றன. ஆய்தமும் கிரந்த எழுத்துகளும் மாற்று விசையின் துணையோடு வருகின்றன.

விசைகளின் இருப்பிடத்தைக் கூர்ந்து நோக்கினால் இலக்கணப் பாடம் ஒன்று விரிகிறது. உயிர்கள் யாவும் இடக்கைப் பக்கம் உள்ளன. அகரத்துக்கு நேர் மேலே ஆகாரம், இகரத்துக்கு மேலே ஈகாரம், உகரத்துக்கு மேலே ஊகாரம், எகரத்துக்கு மேலே ஏகாரம் எனக் குறிலும் நெடிலும் அடுக்கப்பட்டுள்ளன. ஒகரமும் ஓகாரமும் மட்டும் கீழ்வரிசையில் அருகருகே நிற்கின்றன. மெய்வரிசையில் பகரத்தை அடுத்து மகரம், தகரத்தை அடுத்து நகரம், டகரத்தை அடுத்து ணகரம், சகரத்தை அடுத்து ஞகரம், றகரத்தை அடுத்து னகரம் என வல்லினமும் அதன் இனமெல்லெழுத்தும் இணைந்தே அமைகின்றன. 'தந்நகரம்', 'றன்னகரம்' என்று நாம் வகுப்பில் வாயால் சொல்லித் தருவதை விசைப்பலகை இடத்தால் காட்டுகிறது.

தானியங்கிப் புள்ளி பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது புள்ளி பெறும். மெல்லெழுத்தைத் தொடர்ந்து அதன் இன வல்லெழுத்து வந்தாலும் அவ்வாறே. 'பந்து' என்பதற்குப் ப, ந, த, உ என்னும் நான்கு தட்டல்கள் போதும். ஆயின், 'பப்பாளி' என்று எழுதப் புகும் மாணவன் இடர்ப்படுவான். முதல் இரு பகரங்களும் இணைந்து, முதல் பகரமே புள்ளி பெற்றுவிடும். ப, அ, ப, ப, ஆ, ள, இ என்று அகரத்தை வெளிப்படையாகத் தட்டினாலன்றிச் சொல் சரியாக அமையாது. 'தத்துவம்', 'சச்சரவு' ஆகியவையும் இத்தகையன. இதனைக் குறை என்று தள்ளிவிடலாகாது. உயிர்மெய்க்குள் அகரம் மறைந்து நிற்கிறது என்பதை விளக்க இதனினும் நல்ல வாய்ப்பு ஆசிரியருக்கு எளிதில் கிட்டாது.

இம்முறையிலும் ஓர் இடறல் உண்டு. நூலிலக்கணப்படி 'க்' என்னும் மெய்யும் 'எ' என்னும் உயிரும் கூடியே 'கெ' பிறக்கிறது. விசையிலோ நிற்பது புள்ளியில்லாக் ககரம். 'அந்த அகரம் எங்கே போயிற்று?' என்று கூர்மையான மாணவன் கேட்டால் ஆசிரியர் விடை கூற ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

உரோமன் எழுத்துவழி எழுதும் மாணவன்

ஆங்கில விசைகளின் ஒலியைக் கொண்டு தமிழ் எழுதும் முறை விரைவில் பரவியதற்குத் தக்க காரணம் உண்டு. 1985ஆம் ஆண்டு மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கிய நாள்முதல் இங்குள்ளோர்க்குத் தமிழ்க் கணிமை அயலானதன்று. ஆங்கில விசைகளில் முன்பே பழகியவர்க்கு உரோமன் வழி முறை கற்க வேண்டிய சுமையை நீக்கியது. இல்லத்தில் ஆங்கிலமே பேசும் சிங்கப்பூர் மாணவன் முதல் நாளிலேயே தமிழில் ஒரு செய்தி அனுப்பும் மகிழ்ச்சியை நாம் சிறிதாக மதிக்கவில்லை.

எனினும் இழப்பு எங்கே நிகழ்கிறது என்பதைக் காண வேண்டும். இம்முறையில் 'நான்' என்று எழுதும் மாணவன் முதலிலும் ஈற்றிலும் ஒரே ஆங்கில விசையைத் தட்டுகிறான். திரையில் முதலில் தந்நகரமும் இறுதியில் றன்னகரமும் தோன்றுகின்றன. னகரம் மொழிக்கு முதலில் வாராது. நகரம், பொருந், வெரிந் போன்ற அருகிய வடிவங்களை விடுத்தால், மொழிக்கு ஈற்றில் வாராது. இவ்விதியை மென்பொருள் அறிந்திருக்கிறது. மாணவன் அறியவில்லை; அறிய வேண்டிய தேவையும் அவனுக்கு எழவில்லை. தமிழ்99இலும் கருவி மாணவனுக்காக ஒரு பணியைச் செய்கிறது என்பது உண்மையே. ஆனால் அது புள்ளியை மட்டுமே இடுகிறது. நகரமா, னகரமா, ணகரமா என்னும் தேர்வு மாணவனுடையதாகவே இருக்கிறது.

மற்றோர் இடர் நம் நாட்டுக்கே உரியது. 'மகன்' என்னும் சொல்லை உரோமன் எழுத்துகளால் எழுத முயலும் மாணவனின் மனத்தில் உண்ணுதலைக் குறிக்கும் மலாய்ச் சொல் எழுவது இயல்பு. தமிழில் ஒரே ககரம் இடத்துக்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கும் என்னும் அடிப்படை, இரு வேறு ஆங்கில விசைகளுக்கிடையே சிதறிப் போகிறது.

திறன்பேசியின் சொற்பரிந்துரை இதனினும் ஒரு படி மேலே செல்கிறது. முதல் இரண்டெழுத்தைத் தட்டியதும் முழுச்சொல்லும் வந்து நிற்கிறது. பிழையான சொல் குறைகிறது. பிழையான தேர்வு குறைவதில்லை. 'மனம்', 'மணம்' இரண்டும் சரியான சொற்களே. 'ஒலி', 'ஒளி', 'ஒழி' மூன்றும் அத்தகையனவே. பரிந்துரைப் பட்டியலில் முதலில் நிற்பதைத் தொட்டு அனுப்பும் பழக்கம், தேர்வுத்தாளில் கையால் எழுதும்போது மாணவனைக் கைவிட்டுவிடுகிறது.

ஆகவே, எழுத்துகள் மனத்தில் நிலைபெறும் வரையிலாவது தொடக்கப்பள்ளியில் தமிழ்99ஐயே, சொற்பரிந்துரையை நிறுத்திவைத்து, பழக்குதல் வேண்டும் என்பது நம் கருத்து. இடைநிலைப்பள்ளியில் எம்முறையையும் தடுக்க வேண்டியதில்லை. அங்கே பரிந்துரைப் பட்டியலையே பயிற்சியாக்கலாம்: பட்டியலிலுள்ள சொற்களுள் இவ்விடத்துக்கு உரியது எது, ஏன் என்று எழுதச் செய்யலாம்.

வடிவமைப்பாளராக மாணவன்

இதுவரை கூறியதில் மாணவன் பிறர் வடிவமைத்ததைப் பயன்படுத்துபவனாகவே நிற்கிறான். அவனையே வடிவமைப்பாளன் ஆக்க இயலும். இதற்குக் கணினிகூடத் தேவையில்லை. ஆதலின் தோட்டப்புறப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். நான்காம் ஆண்டு மாணவரை நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் 33 வெற்றுக் கட்டங்கள் வரைந்த மணிலா அட்டையையும் 31 எழுத்துச் சீட்டுகளையும் தருதல் வேண்டும். எஞ்சும் இரு கட்டங்கள் காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் உரியவை. விரைவாக எழுதவும், எளிதில் நினைவில் வைக்கவும் ஏற்றவாறு விசைப்பலகை ஒன்றை அமைக்கச் சொல்ல வேண்டும்.

விரைவு என்றதும் எவ்வெழுத்து மிகுதியாக வருகிறது என்னும் வினா எழும். பாடநூலின் ஒரு பக்கத்தை எடுத்து எண்ணச் செய்யலாம். 'கொ' என்பதை எவ்வாறு எண்ணுவது என்று குழுவுக்குள் பூசல் எழும், எழ வேண்டும். அதனை ககரத்திலும் ஒகரத்திலும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும் என்று கண்டுகொள்ளும் மாணவன் உயிர்மெய்யின் இயல்பை அறிந்தவனாகிறான். ஔகாரம் அரிதாகவே வருவதையும், ஙகரம் வருமிடத்திலெல்லாம் ககரம் தொடர்வதையும் அவர்களே காண்பர்.

மதிப்பீட்டில் அட்டையின் அழகுக்குப் புள்ளி தருவது பயனற்றது. ஒவ்வோர் எழுத்தையும் ஏன் அவ்விடத்தில் வைத்தனர் என்று அவர்கள் கூறும் காரணமே மதிப்பிடத் தக்கது. இரு பாடவேளைகள் இதற்குச் செலவாகும். பாடத்திட்டச் சுமையை எண்ணி ஆசிரியர் தயங்கலாம். எழுத்து, மாத்திரை, இனவெழுத்து ஆகிய மூன்றையும் தனித்தனியே கற்பிக்கச் செலவாகும் நேரத்தோடு அதனை ஒப்பிட்டு முடிவு செய்யட்டும்.

இறுதியாகவே தமிழ்99 அமைப்பைக் காட்ட வேண்டும். மெய்கள் வலக்கைப் பக்கம் இருக்க, வகரமும் ஙகரமும் மட்டும் இடப்பக்கம் வந்தது ஏன் என்று மாணவர் கேட்பர். விடையை ஆசிரியர் உடனே கூறாமல் கட்டங்களை எண்ணச் செய்தல் நலம். காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் இடம் விட்டபின் வலப்பக்கம் எஞ்சுவன 16 விசைகள், மெய்கள் 18. இடப்பக்கம் 15 விசைகள். உயிர்களும் புள்ளியும் சேர்ந்து 13. எஞ்சிய இரண்டு இடங்களுக்கு எந்த இரு மெய்களை அனுப்பலாம் என்பதை அவர்கள் தத்தம் அட்டையில் எவ்வாறு தீர்த்திருக்கிறார்கள் என்று அப்போது கேட்கலாம்.